குளம் உறைந்தால் வாத்து எங்கே போகும்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது ‘தி கேட்சர் இன் த ரை’ என்ற அமெரிக்க நாவலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், நடுவில் ஒரு அப்பா. அதனால் இந்த முறை முழுக்க அந்த ஒரு புத்தகம்தான்.

படிக்காதவர்களுக்குக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு 16 வயது. பென்சில்வேனியாவில் பென்சி என்ற விடுதிப் பள்ளியில் படிக்கிறான். ஐந்து பாடத்தில் நாலில் ஃபெயில், ஆங்கிலத்தில் மட்டும் பாஸ். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். தகவல் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், அதுவரை அப்பா அம்மா முகத்தில் விழிக்க வேண்டாம் என்று சனிக்கிழமை ராத்திரியே கிளம்பி நியூயார்க் வந்து, திங்கட்கிழமை வரை ஊரைச் சுற்றுகிறான். அவ்வளவுதான் கதை. எழுதியவர் ஜே.டி. சாலிஞ்சர். வெளிவந்தது 1951 ஜூலையில்.

சார், நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இப்போது பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. எங்களுக்கு இந்த நாவல் பாடமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள். இந்தப் பையனுக்கு எல்லாம் இருக்கிறது, ஆனாலும் முதல் பக்கத்திலிருந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறான். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கைடில் ‘அந்நியமாதல்’, ‘கள்ளமின்மையை இழத்தல்’ என்று போட்டிருப்பதை மனப்பாடம் செய்துவிட்டேன். அதைத் தாண்டி எனக்கு இதில் என்ன இருக்கிறது?
*– மாணவி, திருமங்கலம்*

எரிச்சல் வந்தால் வரட்டும்மா, அதை மறைக்க வேண்டியதில்லை, அவனோடு இரண்டு நாள் சேர்ந்து சுற்றினால் யாருக்கும் வரும். அவன் வசதியான வீட்டுப் பிள்ளை, அப்பா கம்பெனிகளுக்கு வாதாடும் பெரிய வக்கீல், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கைடை ஒரு வாரம் பரணில் போட்டுவிட்டு ஐந்தாவது அத்தியாயத்தை மட்டும் எடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அகராதி வேண்டாம். புரியாத வார்த்தையை விட்டுவிட்டுப் போங்கள், இது ஒரு பையன் பேசுகிற பேச்சு, காதில் விழுந்தால்தான் பிடிபடும்.

அந்த அத்தியாயத்தில் அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டருக்காக ஹோல்டன் ஒரு கட்டுரை எழுதுகிறான். ஏதாவது ஒரு அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும். இவனுக்கு வீடும் வரவில்லை, அறையும் வரவில்லை. தம்பி அல்லியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். தம்பி இடது கைக்காரன். கையுறையின் விரல், உள்ளங்கை என்று ஒரு இடம் விடாமல் பச்சை மையில் கவிதை எழுதி வைத்திருப்பானாம், மைதானத்தில் பந்து வராமல் சும்மா நிற்கிற நேரத்தில் படிக்க. அப்புறம் அதே மூச்சில், அவன் இப்போது இல்லை, ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான், 1946 ஜூலை 18 என்று தேதியோடு சொல்கிறான். அன்றைக்கு ராத்திரி இவன் கார் ஷெட்டில் படுத்திருந்து, அங்கே இருந்த ஜன்னல் கண்ணாடி அத்தனையையும் வெறும் கையால் குத்தி உடைத்தான். அப்போது இவனுக்கு 13 வயது. மழை வந்தால் அந்தக் கை இன்னும் வலிக்கும் என்கிறான், அதுவும் ஏதோ பல்வலியைச் சொல்வதுபோல.

நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் கட்டிப்பிடித்து அழ ஆள் வரும். மூன்று தெரு தள்ளி இருக்கிறவர்கள்கூட வந்து உட்கார்வார்கள், அத்தைமார் ஒப்பாரி வைப்பார்கள், பதினாறாம் நாள் வரை வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இருந்துகொண்டே இருப்பார்கள். இந்தப் பையன் தம்பியின் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை, கையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெரியவர்கள் யாராவது அவனை உட்காரவைத்து அல்லியைப் பற்றிப் பேசுவதாக நாவலில் ஒரு காட்சி கிடையாது. மூன்று வருஷமாக அழ முடியாதவன் வேறு என்ன செய்வான், பார்க்கிறவர்களை எல்லாம் திட்டுவான். இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படியுங்கள், அந்தத் திட்டு வேறு மாதிரி கேட்கும்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்பு இந்த நாவலை நடத்தி முடித்த கையோடு, உங்கள் வீட்டில் ஒரு அறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தன் அண்ணனின் ஜாமெட்ரி பாக்ஸைப் பற்றி எழுதியிருந்தாள். மூடி நசுங்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்த டப்பா. உள்ளே துருப்பிடித்த காம்பஸ், ஒரு பாதிப் பென்சில், நாலாக மடித்த பஸ் டிக்கெட்டுகள். ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் அண்ணன் கையெழுத்தில் ஒரு கணக்கு, பாதியில் நிற்கிறது. அதைப் போட்டு முடிக்க எனக்குத் தெரியும், ஆனால் மனசு வரவில்லை என்று முடித்திருந்தாள். நான் ‘தலைப்பை விட்டு விலகல்’ என்று சிவப்பு மையில் எழுதி 10க்கு 4 போட்டேன். கையுறைக் கட்டுரையைப் படித்துவிட்டு ஸ்ட்ராட்லேட்டர் ஹோல்டனிடம் கத்துவதும் அதைத்தான், அறையைப் பற்றித்தானே எழுதச் சொன்னேன் என்று. இது எனக்கு உறைத்தது அன்று ராத்திரி. மறுநாள் அந்தத் தாளைத் திரும்பக் கேட்டேன். கிழித்துவிட்டேன் சார் என்றாள். ஹோல்டனும் கிழித்துத்தான் போடுகிறான்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பாவோ, சட்டையோ, சைக்கிளோ இருக்கும். அதைப் பற்றி ஒரு பக்கம் தமிழிலேயே எழுதிப் பாருங்கள், பரீட்சைக்கு இல்லை, உங்களுக்கு. எழுதிவிட்டு அப்புறம் ஐந்தாவது அத்தியாயத்துக்கு வாருங்கள்.

இதைப் படமாக எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் எங்கே பார்க்கலாம்?
*– வாசகர், மேலூர்*

இல்லை தம்பி. பலர் கேட்டும் சாலிஞ்சர் உரிமை தரவில்லை. அவருடைய ஒரு சிறுகதையை வைத்து 1949இல் ஹாலிவுட்டில் ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ என்று ஒரு படம் வந்தது, அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதோடு சினிமாவுக்குக் கதவைச் சாத்திவிட்டார். ஹோல்டனின் அண்ணன் டி.பி.யும் நல்ல சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவன், ஹாலிவுட்டுக்குப் போனதில் இவனுக்கு அவன்மேல் தீராத வருத்தம். படித்துத்தான் ஆக வேண்டும், 26 அத்தியாயம், எல்லாம் சின்னது.

சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் வாத்துகளைப் பற்றி அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அது ஒரு குறியீடு என்று வகுப்பில் சொன்னார்கள். எதற்குக் குறியீடு? பத்து மார்க் விடையில் எப்படி எழுதுவது?
*– எம்.ஏ. மாணவர், ஒத்தக்கடை*

குறியீடு அப்புறம் இருக்கட்டும் தம்பி, முதலில் அது வாத்து. நியூயார்க்கில் குளிர் வந்தால் பூங்காவில் இருக்கிற குளம் உறைந்துபோகும். அப்போது அந்த வாத்துகள் எங்கே போகும், தானாகப் பறந்து போகுமா, யாராவது லாரி கொண்டுவந்து ஏற்றிப் போவார்களா என்பது அவன் கேள்வி. சரித்திர வாத்தியார் ஸ்பென்சர் உட்காரவைத்து அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசு அங்கே போய்விடுகிறது. ஒரு டாக்ஸிக்காரரிடம் கேட்கிறான், அவர் இவன் கிண்டல் செய்கிறான் என்று நினைக்கிறார். இன்னொரு டாக்ஸிக்காரர், ஹார்விட்ஸ் என்று பெயர், அவருக்குக் கோபமே வந்துவிடுகிறது. வாத்தை விடு, மீனைப் பற்றிக் கேள், மீன் எங்கேயும் போகாது, அந்தப் பனிக்குள்ளேயேதான் கிடக்கும் என்று கத்துகிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட மூதுரைதான் வந்து நிற்கும்:

அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்
உற்றுழித் தீர்வார் உறவல்லர் – அக்குளத்தில்
கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே
ஒட்டி உறுவார் உறவு.

நீர் வற்றினதும் பறந்துபோகிற பறவை உறவில்லை, அந்தச் சேற்றிலேயே காய்ந்து கிடக்கிற கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்தான் உறவு என்கிறார் ஔவையார். ஹார்விட்ஸ் சொல்கிற மீன் இருக்கிறதே, அது இந்த ஆம்பல்தான். நியூயார்க் டாக்ஸிக்காரர் ஔவையாரைப் படித்திருக்க வழியில்லை, சாலிஞ்சரும் படித்திருக்க மாட்டார், ஆனாலும் ஒரு குளத்தைப் பார்த்து இரண்டு பேருக்கும் தோன்றியது ஒன்றேதான்.

ஹோல்டன் நிற்கிற இடம் வேறு. அவன் பறவையைக் குற்றம் சொல்லவில்லை, பறவைக்காகக் கவலைப்படுகிறான். கண்மாய் வற்றியதும் கொக்கு போய்விட்டது என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பங்குனி, சித்திரையில் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடந்தால் தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கார்த்திகையில் மொய்த்துக் கிடந்த நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் காணோம். அதெல்லாம் எங்கே போச்சு என்று மாட்டுத்தாவணியில் ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஹோல்டனுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். ஒரு பள்ளி மாற்றி ஒரு பள்ளி என்று போய்க்கொண்டிருக்கிற பையனுக்கு, இருந்த இடம் இல்லாமல் போனால் ஒரு உயிர் எங்கே போகும் என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. அல்லி எங்கே போனான் என்று அவனால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, வாத்து எங்கே போகும் என்று கேட்கிறான்.

விடையில் இதை எழுதுங்கள், மூதுரை வரியையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ஊர்க் கண்மாயையும் எழுதுங்கள். ஆங்கிலப் பேப்பரில் ஔவையார் வரக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. திருத்துகிறவருக்கும் நூறு தாளில் ஒரே கைடைப் படித்த அலுப்புக்கு நடுவில் ஒரு புதுக் காற்று கிடைக்கும்.

தலைப்புக்கு என்னதான் அர்த்தம்? ‘ரை’ என்றால் தானியம் என்று அகராதியில் இருக்கிறது. தானியத்தில் என்ன பிடிப்பது?
*– வாசகி, உசிலம்பட்டி*

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் ஒரு பழைய பாட்டு இருக்கிறது. ரைப் பயிருக்குள் நடந்து வரும்போது ஒருவரை ஒருவர் சந்தித்தால் என்று வரும். தெருவில் ஒரு சின்னப் பையன் அதைப் பாடிக்கொண்டு போகிறான், ஹோல்டன் காதில் ‘சந்தித்தால்’ என்பது ‘பிடித்தால்’ என்று விழுகிறது. அதை வைத்து மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொள்கிறான். பெரிய பயிர்க்காடு, ஆயிரக்கணக்கில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், பெரியவர்கள் யாரும் இல்லை, காட்டின் ஓரத்தில் ஒரு செங்குத்துப் பள்ளம். விளையாட்டு மும்முரத்தில் விளிம்புக்கு வந்துவிடுகிற குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் ஆக விரும்புவது அது ஒன்றுதான் என்று தங்கை ஃபீபியிடம் சொல்கிறான். ஃபீபிக்குப் பத்து வயது. அவள் முதலில் பாட்டைத் திருத்துகிறாள், அது ‘பிடித்தால்’ இல்லை, ‘சந்தித்தால்’ என்று.

உங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆள் உயரச் சோளக்காடு, உள்ளே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிற சத்தம் மட்டும் கேட்கும், தலை தெரியாது. காட்டின் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு. கிணற்று மேட்டில் ஒரு தாத்தா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வேறு வேலை இல்லாதவர் மாதிரி இருக்கும். அவர்தான் அந்த ‘கேட்சர்’.

இதை மதுரைத் தமிழில் மொழிபெயர்க்க ஆசை. ஆரம்பித்துப் பத்துப் பக்கம் செய்தும் பார்த்தேன். செத்துப்போன மாதிரி இருக்கிறது. ‘ஃபோனி’ என்ற வார்த்தைக்கே தமிழ் கிடைக்கவில்லை. ‘போலி’ சரியாக வருமா?
*– வாசகர், செல்லூர்*

‘போலி’ அர்த்தத்தில் சரி, வாயில் சரியில்லை. போலி டாக்டர், போலிப் பத்திரம் என்று பேப்பரில் வரும் வார்த்தை அது. 16 வயசுப் பையன் யாரையும் போலி என்று திட்ட மாட்டான். நம் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? ஓவரா சீன் போடறான், பந்தா விடறான், படம் காட்டறான், நடிக்கிறான். ஹோல்டன் இந்த வார்த்தையைப் பத்து விதமான ஆள்மேல் எறிகிறான், பணக்காரப் பெற்றோரிடம் மட்டும் குழைகிற ஹெட்மாஸ்டர், கைதட்டுக்காக வாசிக்கிற பியானோக்காரர், இடைவேளையில் அறிவாளி மாதிரிப் பேசுகிற நாடக ரசிகர்கள் என்று. ஒரே தமிழ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டினால் அது செத்துத்தான் போகும். ஹெட்மாஸ்டருக்கு ‘நடிப்பு’ சரி, நாடகக்காரர்களுக்கு ‘சீன்’ சரி, ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம் அவன் பேச்சின் வால். எதைச் சொன்னாலும் கடைசியில் ‘நெசமாத்தான்’, ‘அது இதுன்னு’ என்கிற மாதிரி ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அதையெல்லாம் வெட்டிச் சுத்தப்படுத்தியிருக்கிறீர்கள், உயிர் போனது அங்கேதான். நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று பயப்படுகிறவன்தான் ‘நெசமாத்தான்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நாலரைக்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று காது கொடுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் அந்தப் பத்துப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள். ஒன்று மட்டும், பதிப்பிக்கிற எண்ணம் வந்தால் முதலில் உரிமை யாரிடம் என்று பார்த்து அனுமதி வாங்குங்கள், சாலிஞ்சர் இந்த விஷயத்தில் மிகக் கறாராக இருந்தவர். இந்த நாவலின் தொடர்ச்சி மாதிரி ஒன்றை இன்னொருவர் எழுதியபோது, 2009இல், 90 வயதில் கோர்ட்டுக்குப் போனார்.

ஐயா, என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வெளியூரில் விடுதி. லீவுக்கு வந்தவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, இந்தப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விசாரித்தால், ஒரு கொலைகாரன் கையில் வைத்திருந்த புத்தகம் என்கிறார்கள். எழுதினவரும் மனுஷர்கள் முகத்தில் விழிக்காமல் ஒளிந்து வாழ்ந்தவராம். பிடுங்கி வைத்துவிடலாமா?
*– ஒரு அப்பா, சோழவந்தான்*

பிடுங்க வேண்டாம் ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது நடந்ததுதான். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனானை 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் சுட்டுக் கொன்றவன் கையில் இந்தப் புத்தகம் இருந்தது. ஆனால் இது கோடிக்கணக்கான பிரதி விற்ற புத்தகம், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ தலைமுறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கதையில் ஹோல்டன் யாரையும் கொல்வதில்லை, அவன் போடுகிற சண்டை ஒவ்வொன்றிலும் அடி வாங்குகிறவனும் அவனேதான். கெட்ட வார்த்தை நிறைய உண்டு, ஓட்டல் அறைக்கு ஒரு பெண்ணை வரச் சொல்லிவிட்டு, பேசினால் போதும் என்று உட்கார்ந்துவிடுகிற இடமும் உண்டு. உங்கள் மகன் வயதுக்கு அது தாங்கும்.

எழுதியவரைப் பற்றியும் சொல்கிறேன். சாலிஞ்சர் 1919 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் பிறந்தவர், அப்பா பாலாடைக்கட்டி இறக்குமதி வியாபாரி. படிப்பு சரியாக ஏறாமல் ஒரு ராணுவப் பள்ளி விடுதியில் சேர்த்துவிடப்பட்ட பையன் அவரும். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படையில் இருந்தார். அதற்கப்புறம் ஹூர்ட்கன் காடு, பல்ஜ் சண்டை என்று மிக மோசமான இடங்களை எல்லாம் பார்த்தார், யூதர்களை அடைத்துவைத்துச் சாகடித்த முகாம் ஒன்றையும் நேரில் பார்த்தார். இந்த நாவலின் சில பகுதிகளை அந்தப் போரிலும் கூடவே வைத்திருந்தார். போர் முடிந்த 1945இல் மனம் உடைந்து ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தது. நாவல் வந்து பெரிய பேர் கிடைத்த பிறகு 1953இல் நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்ற சின்ன ஊருக்குப் போனவர், 2010 ஜனவரியில் 91 வயதில் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். 1965க்குப் பிறகு ஒரு கதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் யாருக்கும் பயந்து ஒளிந்தவர் இல்லை, தன் வீட்டு வாசலில் கேமராவோடு வந்து நிற்காதீர்கள் என்று கேட்டவர்.

இப்போது உங்கள் மகன். ஹோல்டன் நியூயார்க்கில் ரயிலை விட்டு இறங்கியதும் செய்கிற முதல் காரியம் ஒரு டெலிபோன் கூண்டுக்குள் போய் நிற்பது. யாரையாவது கூப்பிட வேண்டும் போல இருக்கிறது. அண்ணனைக் கூப்பிடலாமா, அவன் ஹாலிவுட்டில். தங்கையைக் கூப்பிடலாமா, அவள் தூங்கியிருப்பாள், அம்மா எடுத்துவிடுவாள். இப்படி ஒவ்வொருவராக நினைத்து நினைத்து, இருபது நிமிஷம் நின்று, யாரையும் கூப்பிடாமல் வெளியே வருகிறான். உங்கள் மகன் இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான் என்றால் அந்தக் கூண்டுக்குள் நிற்கிற மாதிரி எனக்குப் படுகிறது. உட்காரவைத்து ‘என்னடா ஆச்சு’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் வரும். ராத்திரி வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பரோட்டா சாப்பிடக் கூட்டிப்போங்கள். வண்டியில் முகம் பார்க்க வேண்டியதில்லை, பிள்ளைகள் அப்போதுதான் பேசுவார்கள். அந்தப் பையன் இப்போ எங்கே நிற்கிறான், வீட்டுக்குப் போய்ட்டானா என்று கதையைக் கேளுங்கள். விடுதியில் ஒரு பையனை மற்றவர்கள் சேர்ந்துகொண்டு வதைக்கிற சம்பவம் ஒன்று இதில் வருகிறது, முடிவு மிகக் கொடுமையானது. அந்த இடத்தைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று கவனமாகக் கேளுங்கள், விடுதியில் ஏதாவது நடக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, வாழ்க்கையே வேண்டாம் என்கிற பேச்சு எதுவும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஹோல்டனே இந்தக் கதை முழுவதையும் சிகிச்சைக்காகப் போய்த் தங்கியிருக்கிற ஒரு இடத்திலிருந்துதான் நமக்குச் சொல்கிறான். அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.

சாலிஞ்சர் ராமகிருஷ்ணரின் பக்தர் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா? அப்படியானால் நாவலில் வேதாந்தம் எங்கே இருக்கிறது?
*– வாசகர், பசுமலை*

ஈடுபாடு உண்மை. நியூயார்க்கில் ராமகிருஷ்ண–விவேகானந்த மையத்தை நடத்திய சுவாமி நிகிலானந்தரோடு அவருக்கு நல்ல பழக்கம். நிகிலானந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ராமகிருஷ்ணரின் வாழ்வும் வாக்கும் அடங்கிய பெரிய நூலை ஆழ்ந்து படித்தவர். 1965இல் அவர் கடைசியாக அச்சில் கொடுத்த கதையில் விவேகானந்தரின் பெயரே வருகிறது. சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் பாம்பனில் இறங்கி ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக நம் மதுரைக்கு வந்து பேசினார். அதே பேச்சு அமெரிக்காவில் விதைத்தது அரை நூற்றாண்டு கழித்து ஒரு நாவலாசிரியரிடம் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த நாவலில் வேதாந்தத்தைத் தேடாதீர்கள். அந்த ஈடுபாடு நாவல் வெளியான காலத்தை ஒட்டித்தான் பிடிக்கிறது, அதன் தடம் தெரிவது அடுத்து வந்த கதைகளில். 1953இல் வந்த ‘டெடி’ என்ற கதையில் பத்து வயசுப் பையன் போன பிறவியில் இந்தியாவில் சாதுவாக இருந்தேன் என்று அமைதியாகச் சொல்வான். ஹோல்டனிடம் அந்த அமைதி இல்லை, அவன் இழந்த தம்பியை விட மனசில்லாதவன். அவனிடம் போய்ப் பற்றறுக்கச் சொல்கிறவர்கள் அவனைப் படிக்கவில்லை.

கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லையே? தங்கை குடைராட்டினத்தில் சுற்றுகிறாள், இவன் மழையில் நனைகிறான், அதோடு முடிந்துவிட்டது. முடிவு என்ன?
*– வாசகி, திருப்பரங்குன்றம்*

இதற்கு இருபதாவது அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே, உறைபனி ராத்திரியில் அந்தக் குளத்தைத் தேடிப் போகிறான். இருட்டு, ஒரு வாத்தும் இல்லை. ஃபீபிக்காக வாங்கிய இசைத்தட்டு வழியிலேயே விழுந்து நொறுங்கிவிட்டது, துண்டுகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் பையில் வைத்திருக்கிறான். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அல்லியின் கல்லறையை நினைக்கிறான். அங்கே போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது, வந்தவர்கள் எல்லாம் ஓடிப்போய்க் காரில் ஏறி ரேடியோவைப் போட்டுக்கொண்டு நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போனார்கள், அல்லி மட்டும் போக முடியாமல் அங்கேயே நனைந்துகொண்டு கிடந்தான். அவனால் அதைத் தாங்கவே முடியவில்லை.

இப்போது இருபத்தைந்தாவது அத்தியாயத்துக்கு வாருங்கள். எங்கேயாவது ஓடிப்போகலாம் என்றிருக்கிறவனோடு தானும் வருவதாக ஃபீபி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். இவன் போகவில்லை. அவளைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டுப் பெஞ்சில் உட்காருகிறான். குதிரையில் சுற்றும் பிள்ளைகள் ஒரு தங்க நிற வளையத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள், விழுந்துவிடுவாளோ என்று இவனுக்குப் பயம். ஆனாலும் பிடிக்கப் போகவில்லை, பிள்ளைகள் எட்டிப் பிடிக்க நினைத்தால் விட்டுவிடத்தான் வேண்டும், விழுந்தால் விழட்டும் என்கிறான். கிணற்று மேட்டில் உட்கார ஆசைப்பட்ட பையன் இவன்தான். அப்போது மழை கொட்டுகிறது. அப்பா அம்மாக்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கூரைக்கடியில் ஒதுங்குகிறார்கள். இவன் மட்டும் ஃபீபி தலையில் மாட்டிவிட்ட சிவப்புத் தொப்பியோடு அந்த பெஞ்சிலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்து, நீலக் கோட்டுப் போட்டுச் சுற்றிச் சுற்றி வருகிற தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சந்தோஷத்தில் அழுகை வருகிறது என்கிறான், ஏன் என்று தனக்கே தெரியவில்லை என்கிறான்.

அந்த இரண்டு மழையையும் ஒருநாள் சேர்த்துப் படியுங்கள்.